மணல் ஸ்கூலில் நடந்த தேர்வு

பள்ளிபாளையத்தில் தறிக்கூடங்களுக்கு நடுவே, பழைய நூல் குடோன் ஒன்றில், இளவேனில் என்றொருத்தி மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளை வைத்து ஒரு விளையாட்டுப் பள்ளி நடத்திவந்தாள். வாசலில் ஒரு லோடு ஆற்று மணல் கொட்டிக் கிடக்கும். அதனால் ஊர் அதை மணல் ஸ்கூல் என்றது. அவளுக்கு முப்பத்தொரு வயது.

அவளிடம் பாடம் கற்க வந்த சௌடேஸ்வரிக்கு வயது ஐம்பத்து மூன்று.

சௌடேஸ்வரி இருபத்தாறு வருடம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகள் அழுதுகொண்டேதான் அவள் வகுப்புக்குள் வரும். அது இயற்கை என்று இருந்துவிட்டாள். அவள் வேலை பார்த்த பள்ளியை மூடிய பிறகு, ஒரு நாள் சாயங்காலம் மணல் ஸ்கூல் வழியாகப் போனாள். ஒரு பையன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தான். அவனுடைய அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் அவனோடு மணலில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வந்து நின்றாள்.

"எனக்கும் கத்துக் கொடுங்க" என்றாள்.

"வாங்கக்கா" என்றாள் இளவேனில்.

வந்து ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளைகள் மணலில் தண்ணீர் ஊற்றின. மரக்கட்டைகளை அடுக்கின, தள்ளின. பழைய சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு, உள்ளே உட்கார்ந்து டீ ஆற்றின. சிலேட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"டீச்சர், இதுங்க எப்பத்தான் படிக்கும்?"

இளவேனில் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். "இன்னைக்கு ஒரே ஒரு பிள்ளைய மட்டும் பாருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்ன பண்ணுதுன்னு எழுதிட்டு வாங்க."

சௌடேஸ்வரி தனுஜாவைத் தேர்ந்தெடுத்தாள். ஐந்து வயது ஆகப்போகிறது. சேர்ந்து எட்டு மாதமாகியும் அந்தப் பெண் இங்கே வாயைத் திறந்ததில்லை. வீட்டில் மட்டும் அம்மா காதோடு பேசுமாம். சாயங்காலம் நோட்டில் ஒரே வரி இருந்தது: 'மணலில் தண்ணீர் ஊற்றினாள், வேறொன்றும் செய்யவில்லை.'

இளவேனில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கும் பாருங்க."

மறுநாளும் ஒரு வரிதான். மூன்றாம் நாள் முக்கால் பக்கம் வந்தது. 'நாலு டம்ளர் ஊற்றினால் மணல் வீடு சரிகிறது. ரெண்டு ஊற்றினால் உதிர்கிறது. மூன்றோடு நிறுத்திக்கொள்கிறாள். பக்கத்துப் பையன் நாலாவது ஊற்ற வந்தபோது டம்ளரைக் கையால் மூடினாள்.'

"எண்ணுறாளுங்க டீச்சர்!" என்றாள் சௌடேஸ்வரி.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு இளவேனில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

சௌடேஸ்வரிக்குக் கொஞ்சம் நெஞ்சு ஆறியது. ஆனால் ஏப்ரல் மாதம் வந்துவிட்டது. ஊருக்குள் இருந்த பெரிய பள்ளியில் ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கை தொடங்கியது. மணல் ஸ்கூலிலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். போன வருடம் அந்தப் பள்ளி இங்கிருந்து போன இரண்டு பிள்ளைகளை, எழுத்து தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தது. இந்தத் தடவை இளவேனில் அங்கேயே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தாள்.

"எங்க பிள்ளைகளை ஆபீஸ் ரூம்ல நிக்க வெச்சுக் கேக்காதீங்கம்மா. ஒரு நாள் வந்து பாருங்க."

அந்த அம்மாள் யோசித்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அந்தச் செய்தி தெரிந்த அன்று தனுஜாவின் அம்மா கோமதி, தறியிலிருந்து நேராக வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. இளவேனில் உள்ளே இருந்தாள். கேட்டருகே நின்ற சௌடேஸ்வரியின் கையைக் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பெரிய டீச்சருங்க. உங்களுக்குத்தான் தெரியும். இவ வாயே திறக்கலைன்னா ஊமைப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லிருவாங்கன்னு எல்லாரும் பேசறாங்க. எப்படியாவது பேச வெச்சிருங்க."

"பேசுவா, பயப்படாத" என்றாள் சௌடேஸ்வரி. சொன்ன பிறகு பயம் அவளுக்குத் தொற்றிக்கொண்டது.

மறுநாள் மதியம், மற்ற பிள்ளைகள் தூங்கும்போது, தனுஜாவை மட்டும் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனாள். வீட்டிலிருந்து சிலேட்டும் ஸ்கேலும் கொண்டுவந்திருந்தாள். பாயை விரித்து எதிரில் உட்காரவைத்தாள். 'அ' எழுதினாள்.

"இது என்ன எழுத்து?"

தனுஜா சிலேட்டைப் பார்த்தாள்.

"வாயைத் திற கண்ணு."

இரண்டாம் நாள் 'கண்ணு' போய்விட்டது. மூன்றாம் நாள் ஸ்கேலால் சிலேட்டைத் தட்டினாள். பிள்ளையை அவள் தொடவில்லை. தட்டிக்கொண்டே சொன்னாள்: "சொல்லலைன்னா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்க. அம்மா அழுவாங்க. சொல்லு!"

நாலாம் நாள் பாய் நனைந்தது. தனுஜா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கவுன் விளிம்பிலிருந்து சொட்டியது. சௌடேஸ்வரி அவசர அவசரமாகத் துணியை மாற்றி, பாயைக் கழுவிக் காயப்போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாளும் கூட்டிப்போனாள்.

"தனுஜா ரெண்டு நாளா மணல் பக்கமே வரலையே" என்றாள் இளவேனில்.

"வெயில் அதிகமில்லீங்களா, அதனால இருக்கும்" என்று சொன்னாள் சௌடேஸ்வரி. சொல்லும்போது இளவேனிலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை தலைமையாசிரியை வந்தார். நாற்காலி போடட்டுமா என்றதற்கு வேண்டாமென்று, பிள்ளைகள் உட்காரும் குட்டி ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். மடியில் ஒரு ஃபைல், அதில் ஆறு பெயர்கள். பிள்ளைகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு தங்கள் வேலைக்குத் திரும்பின.

கூடாரத்துக்குள் ஒருவன் டீ ஆற்றினான். இரண்டு பேர் வாளி யாருக்கு என்று சண்டை போட்டு, அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வந்து தலைமையாசிரியையின் வளையலை எண்ணிப் பார்த்து, "உங்ககிட்ட ஆறு இருக்குது, எங்கம்மாகிட்ட எட்டு" என்றாள். அவர் சிரித்து அவள் பெயரைக் கேட்டு டிக் அடித்தார்.

சௌடேஸ்வரியின் கண் தனுஜாவை விட்டு அகலவில்லை.

தனுஜா ஐந்து மரக்கட்டைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள். ஒன்று கோணலாக இருந்ததைச் சரிசெய்தாள். மூலையில் கிடந்த குச்சியை எடுத்தாள். அதன் பிறகு, எட்டு மாதமாக யாரும் கேட்டிராத அந்தக் குரல் குடோன் முழுக்கக் கேட்டது.

"வாயைத் திற! இது என்ன எழுத்து?"

கட்டைகள் நின்றன.

"சொல்லலைன்னா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்க. அம்மா அழுவாங்க. சொல்லு!"

குச்சி இறங்கியது. ஒரு கட்டை தெறித்து உருண்டு இளவேனிலின் காலருகே வந்து நின்றது. டீ ஆற்றிய பையன்கூட நிறுத்திவிட்டான்.

அந்த 'சொல்லு'வை சௌடேஸ்வரி எப்படி இழுப்பாளோ அப்படியே இருந்தது.

"அடடே!" என்றார் தலைமையாசிரியை. "பேசாத பிள்ளைன்னு சொன்னாங்களே! எவ்வளவு தெளிவா பேசறா பாருங்க. அச்சு அசல் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்!" டிக் அடித்தார். ஆறு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

போகும்போது சௌடேஸ்வரியின் முன் நின்றார். "நீங்க சின்னப் பிள்ளைங்களுக்கு ரொம்ப வருஷம் எடுத்தவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எங்க ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் மாற்றலாகிப் போறாங்க. ஜூன்ல நீங்களே வந்துடுங்களேன். இந்தப் பொண்ணும் உங்க கிளாஸ்லதான் இருப்பா."

சௌடேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள்.

கேட் மூடியதும் இளவேனிலிடம் வந்தாள்.

"டீச்சர், அவ பேசினது என் பேச்சு."

இளவேனில் திரும்பினாள்.

"ஸ்டோர் ரூம்ல, மத்தியான நேரத்துல... அவங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு கெஞ்சினா. எனக்குப் பயமாப் போச்சு."

"எத்தனை நாளு?"

"அஞ்சு."

"மணலுக்கு வராதது அதனாலதானா?"

"ஆமாங்க. ஒரு நாள் கவுன்லயே போயிட்டா. அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போனேன்."

இளவேனிலின் முகம் சிவந்ததை சௌடேஸ்வரி முதல்முறையாகப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள் இளவேனில். பிறகு, "நானும் உள்ள வந்து பாத்திருக்கணும். வெயில்னு நீங்க சொன்னதும் விட்டுட்டேன்" என்றாள்.

சௌடேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா அவ பேசிட்டாளே டீச்சர். இடமும் கிடைச்சிருச்சு. அப்ப நான் செஞ்சது சரியா, தப்பா? ஒண்ணும் புரியல. அந்த அம்மா வேலைக்குக் கூப்பிடறாங்க. இருபத்தாறு வருஷமா இதைத்தான் செஞ்சிருக்கேன், போனா மறுபடியும் இதைத்தான் செய்வேனோன்னு பயமா இருக்குது. நான் போலாமா, வேண்டாமா? நீங்க வேண்டாம்னா போகல."

இளவேனில் குனிந்து, காலருகே கிடந்த கட்டையை எடுத்தாள். சுவரோரம் மிச்சமிருந்த நாலு கட்டைகளுக்கு முன்னால் தனுஜா இன்னும் குச்சியோடுதான் நின்றாள்.

"இதோட இடம் காலியா இருக்குது" என்றாள் இளவேனில். "போய் உக்காருங்க."

சௌடேஸ்வரி போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, கட்டைகளோடு வரிசையில் முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

தனுஜா ஓரடி பின்னால் போனாள். சௌடேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஓடிவிடுவாளோ, அழுவாளோ, இன்னொரு தடவை கவுன் நனையுமோ. தனுஜா இளவேனிலைப் பார்த்தாள். இளவேனில் அங்கேயே தரையில் அமர்ந்தாள்.

தனுஜா சாக்பீஸ் ஒன்றை எடுத்து சிமெண்டுத் தரையில் எதையோ வரைந்தாள். வளைந்து வளைந்து போய், பின்பக்கம் நீண்டு, மேலே இரண்டு புள்ளி.

"இது என்ன எழுத்து?"

தமிழில் அப்படி ஓர் எழுத்து கிடையாது. இங்கிலீஷிலும் இல்லை. இப்படியெல்லாம் எழுத்து இல்லை கண்ணு என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. சௌடேஸ்வரி அதை விழுங்கிக்கொண்டாள். 'ஞ' என்று சொல்லிவிடலாமா என்றும் பார்த்தாள். கேள்விக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"சொல்லு!"

"தெரியலீங்க டீச்சர்."

குச்சி மேலே எழுந்தது. சௌடேஸ்வரி தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது குச்சி கீழே கிடந்தது. தனுஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தான் வரைந்ததை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியல" என்றாள். சின்னக் குரல், அவளுடையது. "கால் போட்டுப் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

தனுஜா சாக்பீஸை உடைத்துப் பாதியை நீட்டினாள். "நீ ரெண்டு போடு. நான் ரெண்டு."

போட்டார்கள். பிறகு காது வந்தது. கொம்பு வந்தது. கொம்பை சௌடேஸ்வரி சின்னதாகப் போட்டுவிட்டாள் என்று தனுஜா அழித்துப் பெரிதாகப் போட்டாள்.

"தனுஜா" என்றாள் சௌடேஸ்வரி, தரையைப் பார்த்தபடி. "ஸ்டோர் ரூம்ல உன்னை ரொம்பப் பயமுறுத்திட்டேன். அது தப்பு கண்ணு."

தனுஜா வாலை இழுத்துக்கொண்டிருந்தாள். வால் சுவர் வரை போனது.

"ம்" என்றாள்.

சாயங்காலம் கோமதி ஓடிவந்தாள். செய்தியைக் கேட்டு, பிள்ளையை அப்படியே அள்ளிக்கொண்டாள். இடுப்பிலிருந்தபடி தனுஜா அம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். கோமதி சிரித்தாள். என்ன சொன்னாள் என்று கேட்க சௌடேஸ்வரிக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகள் எல்லாம் போன பிறகு குடோன் அமைதியானது. இளவேனில் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சௌடேஸ்வரி சேலையெல்லாம் சாக்பீஸ் தூளாக வந்து நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"இன்னைக்கு நான் பாஸா, ஃபெயிலா?"

இளவேனில் கடைசிக் கட்டையை உள்ளே வைத்தாள். பெட்டியை மூடினாள்.

"ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்குது" என்றாள். "இன்னும் பாஸா ஃபெயிலான்னே கேக்கறீங்கன்னா, நாளைக்கும் விளையாட வாங்கக்கா."