செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி நின்ற பஸ்

கூழாங்கல்பட்டியில் எல்லாரும் முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வயிற்றெரிச்சலில் சொல்வது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், மொத்தம் நாலு பேர்தான். என்ன, அந்த நாலு பேரும்தான் ஊர் கமிட்டி. தலைவர் சடையப்பன். மற்ற மூன்று பேர் அங்கப்பன், பொன்னாண்டி, குழந்தைவேலு.

எங்கள் ஊரில் முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஒரு பஸ் நின்று போகும். மூன்று வருஷமாக நிற்பதில்லை. முருங்கைக்காய் விற்கிற பாவாயி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அஞ்சு கிலோமீட்டர் நடந்தாள். ஒருநாள் கமிட்டி எதிரில் வந்து கூடையை இறக்கினாள்.

"அண்ணே, என் முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. பஸ்ஸை நிறுத்த வைக்கிறீங்களா, இல்லை உங்க நாலு பேர் தலையிலயும் ஆளுக்கொரு கூடை ஏத்தட்டுமா?"

தலையில் கூடை என்றதும் கமிட்டிக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. மனு எழுத வேண்டியதுதான். ஆனால் புதிதாக வந்திருக்கும் பஸ் அதிகாரி வடக்கத்திக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும்.

டவுனில் டுடோரியல் நடத்துகிற லாரன்ஸ் மாஸ்டரிடம் போனார்கள். அவர் நல்ல மனுஷன். ஆனால் முப்பது வருஷமாகப் பரீட்சைக் கேள்வி எழுதி எழுதி, கோடிட்ட இடம் விடாமல் அவரால் ஒரு வரி எழுத முடியாது. மனுவையும் அப்படியே எழுதிக் கொடுத்தார். எந்த வருஷம் பஸ் வந்தது, எந்தக் கிழமை நின்றது, எத்தனை மணிக்கு, எப்போது நின்றுபோனது எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தைக்கு இடம் விட்டு ஒரு கோடு.

"நிரப்பிக்குங்க, சுலபம்தான்" என்றார் மாஸ்டர். "வருஷம் பெருசு, அதுக்கு உள்ள போகணும், இன். கிழமை சின்னது, அதுக்கு மேல உக்காரணும், ஆன். மணி அதைவிடச் சின்னது, அதுகிட்ட போய் நிக்கணும், அட். மூணு வருஷத்துக்கு முன்னாடின்னா அகோ. அதைப் பின்னாடி போடணும்."

நாலு பேரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். ஆனால் சடையப்பன் பொறுப்பான ஆள். "சர்க்காருக்குப் போற காகிதம். ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பார்க்காம எழுதக் கூடாது" என்றார்.

பஸ் முதலில் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலில். அந்த வருஷத்துக்கு எங்கே போவது? பொன்னாண்டிதான் கண்டுபிடித்தார். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் '1994' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அங்கப்பன் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார்.

"அங்கப்பா, வருஷத்துக்குள்ள இருக்கியா?" என்று சடையப்பன் கீழிருந்து கேட்டார்.

"இருக்கேன். இடுப்பு வரைக்கும் வருஷம் இருக்கு. குளிருது."

"இன் சரிதான். குறிச்சுக்கோ."

அன்றைக்கு ஊரே அங்கப்பன் உடம்பில் தேய்த்திருந்த நல்லெண்ணெய் வாசத்தோடு காபி குடித்தது. யார் வீட்டுக் காபி என்று கேட்காதீர்கள், என் வீட்டுக் காபியும்தான்.

அடுத்தது ஆன். தேதி கிழிக்கிற காலண்டரிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமையைக் கிழித்துத் தரையில் போட்டார்கள். முதலில் சடையப்பன் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் பிடிக்கப் பொன்னாண்டி இடித்தார், குழந்தைவேலு நடுவில் புகுந்தார். செவ்வாய்க்கிழமை இரண்டாகக் கிழிந்தது.

"மூணு ஆளையே தாங்கலை, இதுமேல அவ்வளவு பெரிய பஸ் எப்படி நின்னுச்சு?" என்றார் குழந்தைவேலு.

"அதனாலதான்யா நிக்காம போச்சு" என்றார் சடையப்பன். மூன்று வருஷமாக யாருக்கும் புரியாத காரணம் அப்போதுதான் புரிந்தது.

அட் விஷயத்தில் சிக்கல் இல்லை. பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தின் எட்டாம் நம்பர் பக்கத்தில் பொன்னாண்டி மூக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதுவும் சரியாக இருந்தது.

அகோவில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"முன்னாடின்னு அர்த்தம். ஆனா பின்னாடி போடணுமாம்" என்றார் பொன்னாண்டி. "முன்னாடி இருக்கவேண்டியது பின்னாடி போனா, முன்னாடி யாரு இருப்பா?"

"பின்னாடி இருக்கவேண்டியது இருக்கும்" என்றார் அங்கப்பன். அவருக்குத் தொட்டித் தண்ணீரில் சளி பிடித்திருந்தது.

"அப்படின்னா பஸ் இனிமேதான் நின்னு போகப்போகுது. இன்னும் நின்னு போகலை."

"நிக்காத பஸ் எப்படிய்யா நின்னு போகும்?"

மூன்று நாள் பேசினார்கள். குழந்தைவேலு ஒரு வேளை சாப்பாட்டைக்கூட விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சடையப்பன் தீர்ப்புச் சொன்னார்: "பந்தியில உப்பை இலை ஓரத்துல வைக்கிறோம். வேணுங்கிறவன் வேணுங்கிற அளவு போட்டுக்கிறான். அதே மாதிரி செஞ்சுடுவோம்."

இன், ஆன், அட், அகோ என்று நாலு சீட்டு எழுதினார்கள். மஞ்சள் துணியில் முடிந்தார்கள். கோடுகளை அப்படியே விட்ட மனுவோடு சேர்த்துத் தபாலில் அனுப்பினார்கள்.

அதிகாரி சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா தெரியாது. பத்தே நாளில் பதில் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார்: "வர்ற செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு பஸ் நிற்கும். அன்னிக்கு அஞ்சு டிக்கெட் விழுந்தா வாராவாரம் நிற்கும். விழலைன்னா மறந்துட வேண்டியதுதான்."

பாவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நீங்க நாலு பேரு, நான் ஒருத்தி. சரியா அஞ்சு. கையெடுத்துக் கும்பிடறேன், அன்னிக்கு மட்டும் எதையும் சோதிச்சுப் பார்க்காதீங்க. வந்தோமா, ஏறினோமான்னு இருங்க."

"எங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார் சடையப்பன்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கே கமிட்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. ரோட்டின் நடுவில் அன்றைய காலண்டர் தாளை விரித்து, பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, எட்டாம் நம்பர் பக்கம் நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாவாயி கூடைகளோடு நின்றாள். தலைச்சுமை இல்லையே என்று இந்த முறை நாலு கூடை கொண்டுவந்திருந்தாள்.

பஸ் வந்தது. நடுரோட்டில் கடிகாரத்தோடு நிற்கிற ஆட்களைப் பார்த்து டிரைவர் மிரண்டு பிரேக் போட்டார். தாளுக்கு ஒரு முழம் இருக்கும்போதே பஸ் நின்றுவிட்டது.

பாவாயி கூடைகளோடு ஏறிவிட்டாள். "மத்தவங்களும் ஏறுங்க, நேரமாகுது" என்றார் கண்டக்டர்.

சடையப்பன் அசையவில்லை. குனிந்து தாளைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "பஸ் செவ்வாய்க்கிழமை மேல நிக்கலையே."

"அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு" என்றார் பொன்னாண்டி.

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி என்ன?"

குழந்தைவேலு விரல் விட்டு எண்ணினார். "திங்கக்கிழமை."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையப்பன் கண்டக்டரிடம் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, இது நேத்து பஸ்ஸு. நீங்க போங்க. எங்க பஸ் பின்னாடி வரும்."

"அண்ணே, ஏறித் தொலைங்களேன்" என்று உள்ளேயிருந்து பாவாயி கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? தாளையும் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

பாவாயி கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "நாலு பேர் வரலைன்னா என்ன, நாலு கூடை வந்திருக்குல்ல? அதுக்குப் போடுங்க டிக்கெட்." கண்டக்டர் ஒரு தடவை கூடைகளைப் பார்த்தார், ஒரு தடவை கமிட்டியைப் பார்த்தார். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. அஞ்சு டிக்கெட் கிழித்தார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் ஊரில் வாராவாரம் பஸ் நிற்கிறது.

அன்று சாயங்காலம் கூடைகளைக் காலி செய்துவிட்டுப் பாவாயி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கமிட்டி அதே இடத்தில் நின்றிருந்தது.

"வா பாவாயி, நேத்துச் சந்தை எப்படி?" என்றார் சடையப்பன்.

சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை. "நல்ல சந்தை" என்றாள்.

"நேத்துக்குத்தானே போயிட்டு வர்றே, வழியில எங்களையும் பார்த்திருப்பியே. நாங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?"

"நடுரோட்டுல கடிகாரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. பஸ் வந்துச்சு. ஏறலை."

சடையப்பன் மெதுவாக மற்ற மூன்று பேர் பக்கம் திரும்பினார்.

"அடப் பாவமே," என்றார். "நேத்தும் நாம பஸ்ஸை விட்டிருக்கோம்யா."