விட்டுவிட்ட உடும்பு

கோடையில் சுனை வற்றிக்கொண்டே வந்தது. யானை எல்லோருக்கும் கூழாங்கற்களைப் பங்கிட்டுக் கொடுத்தது. ஒரு கல்லுக்கு ஒரு நாள் தண்ணீர். கல் இல்லாதவருக்கு ஒரு சொட்டும் கிடையாது!

அன்றைக்கே நரி ஒரு சூதாட்டத்தைத் தொடங்கிவிட்டது. உடும்பும் கௌதாரியும் கூட உட்கார்ந்தன. சீட்டுக்குப் பதில் பத்து அரச இலைகள். இலைகளின் அடியில் ஒன்று முதல் பத்து வரை நகக் கீறல்கள். ஆளுக்கு ஓர் இலை கவிழ்ந்து விழும். கீறல் அதிகம் உள்ளவருக்கே நடுவில் கிடக்கும் கல்லெல்லாம்.

"இலையைப் பார்க்கும் முன்னேயே ஒருத்தர் ஒரு கல் வைக்கணும். அது சின்னக் குருட்டுக் கட்டு. பக்கத்து ஆள் ரெண்டு கல். அது பெரிய குருட்டுக் கட்டு," என்றது நரி.

"பார்க்காமலா? எதுக்கு?" என்றது கௌதாரி.

"இல்லாட்டி நல்ல இலை வரட்டும்னு ஆளாளுக்குச் சும்மா குந்தியிருப்பீங்க! பயப்படாதே, முறை எல்லாருக்கும் சுற்றி வரும். பார்த்த பிறகு மத்தவங்க வச்ச அளவுக்கு வச்சு ஈடு கட்டலாம், மேலே ஏற்றலாம், பிடிக்கலையா, வச்சதை விட்டுட்டு இலையை மடக்கிட்டுப் போகலாம்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நரிக்கு ஒன்று தெரியும். உடும்பு பிடித்தால் விடாது என்று காடே சொல்லும். அந்தப் பேர் உடும்புக்கு உயிர்.

பெரிய குருட்டுக் கட்டு உடும்பின் முறையாக வந்த போதெல்லாம் நரி கற்களை ஏற்றியது.

"மாப்பிள்ளை! உன் ரெண்டு கல் நடுவில் கிடக்குதே! விட்டுட்டா போகப் போறே? அப்புறம் உடும்புன்னு எதுக்குப் பேரு?"

உடும்புக்குச் சுருக்கென்று இருக்கும். மட்டமான இலையை வைத்துக்கொண்டே ஈடு கட்டும். தோற்கும்.

உடும்பின் பதினாறு கல் ஏழாகிவிட்டது. மழைக்கு இன்னும் எட்டு நாள் என்று தவளை சொல்லியிருந்தது.

மறுபடியும் உடும்பின் முறை வந்தது. இரண்டு கல்லை வைத்தது. இலையைப் புரட்டினால் மூன்றே கீறல்! கௌதாரி மடக்கிவிட்டது.

"ஏழு!" என்று ஏற்றியது நரி. "மிச்சம் அஞ்சையும் வை மாப்பிள்ளை!"

உடும்பு நடுவில் கிடந்த கற்களையே பார்த்தது. தொண்டை வறண்டிருந்தது. அந்த இரண்டும் வைத்த கணத்திலேயே போய்விட்டன. போனதைத் தேட இந்த ஐந்தையும் அனுப்புவதா?

"மடக்குறேன்!"

நரி ஊளையிட்டது. "கேட்டீங்களா! உடும்பு விட்டுடுச்சு!"

"சத்தம் பத்தலை மச்சான்! அந்த மலைக்கும் கேட்கட்டும்! என் பிடி, நான் விட்டேன். உனக்கென்ன?"

அடுத்த ஆட்டத்தில் உடும்புக்குச் சின்னக் குருட்டுக் கட்டு. இலையில் இரண்டே கீறல். வைத்த ஒரு கல்லை விட்டுவிட்டு மடக்கியது.

"பழக்கமாயிடுச்சா?" என்று இளித்தது நரி.

"ருசியாவும் இருக்கு!"

அதற்கடுத்து நரியே பெரிய குருட்டுக் கட்டு வைக்க வேண்டிய முறை. இரண்டு கல்லை வைத்தது. கௌதாரி ஒன்று வைத்தது. உடும்பு தன் இலையைப் பார்த்தது. மிச்சமிருந்த நான்கையும் நடுவில் தள்ளியது. கௌதாரி மடக்கியது.

நரியின் இலையில் நான்கு கீறல்தான். விட்டிருந்தால் நஷ்டம் இரண்டு கல்லோடு போயிருக்கும்.

"நரியண்ணே, உங்க ரெண்டு கல் கிடக்குதே! விட்டுட்டா போகப் போறீங்க?" என்றது கௌதாரி.

மரத்திலிருந்த குரங்குகள் கெக்கலித்தன. நரியின் காது சிவந்தது. மேலும் இரண்டு கல்லை விட்டெறிந்தது.

"நாலு!" என்று இலையைப் புரட்டிக் காட்டியது நரி.

"பத்து!" என்றது உடும்பு.

நடுவில் ஒன்பது கல். உடும்பு அவற்றை அள்ளிக்கொண்டு எழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்! ஜெயிச்ச கையோட போறது அழகா?" என்று மறித்தது நரி.

"அழகுக்கா உட்கார்ந்தேன்? தாகத்துக்கு மச்சான்! வழியை விடு!"

உடும்பு நேராகச் சுனைக்குப் போனது. ஒரு கல்லை யானையின் காலடியில் வைத்தது. வயிறு முட்டக் குடித்தது.

கட்டியது போய்விட்டது என்று உணர்ந்து, ஏளனத்துக்கு அஞ்சாமல் விடத் தெரிந்தவனுக்கே கையில் இருப்பது மிஞ்சும்.