எழுபத்தோரு இடத்தில் அம்மி

மொக்கலூருக்கு மேற்கே ஒரு மலை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஊரே அதன் நிழலில்தான் இருக்கும். அது சுண்ணாம்புக்கல் என்று தெரிந்தால் சிமெண்டு ஆலைக்காரர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கருங்கல் என்றால் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. அதைச் சோதிக்க எழிலரசி என்ற அதிகாரி லேசர் கருவியோடு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கால் பிசகிக்கொண்டது.

கூடாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, உள்ளூர் ஆட்களான சடையாண்டியையும் பூவலிங்கத்தையும் கூப்பிட்டு வேலையைச் சொன்னார். எட்ட நின்றே கல்லின்மேல் லேசரைப் பாய்ச்ச வேண்டும். பட்ட இடத்தில் பொறி பறக்கும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, முன்பு பார்த்த கற்களில் எதைப் போல இருக்கிறது என்று கருவியே சொல்லும். ஆகவே முதலில் தெரிந்த கல்லைக் காட்டிப் பெயரைப் பதிய வேண்டும். பிறகு மலையில் நூறு இடத்தில் சுட வேண்டும். எது அதிகம் வருகிறதோ அதுதான் முடிவு. கறுப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

மாதிரிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சீட்டு ஒட்டிய பன்னிரண்டு கற்கள். சடையாண்டி ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“இதுல ஒண்ணைக்கூட எனக்குத் தெரியாதுடா.”

“எனக்கும் பழக்கமில்ல. தெரிஞ்ச கல்லைத்தானே காட்டச் சொன்னாங்க?”

பெட்டியை மூடிவிட்டு ஊருக்குள் போனார்கள். இருளாயி வீட்டு அம்மியைப் பிறந்ததிலிருந்து தெரியும். குளத்தங்கரையில் துணி துவைக்கிற கல்லைத் தெரியும். பூவலிங்கத்தின் காலைத் தினமும் இடறும் கல் ஒன்று உண்டு. அவனுக்கு அதைவிட நெருக்கமானது எதுவும் இல்லை. மூன்றையும் காட்டிப் பெயர் பதிந்தார்கள். குளத்தங்கரையில் ஒரு வெள்ளாடு நகராமல் நின்றது. சடையாண்டி தன் கண்ணாடியைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டு, தான் தூரப் போய் நின்றான்.

மலையில் நூறு முறை சுட்டதில், எழுபத்தோரு இடம் இருளாயி அம்மி என்றது கருவி. இருபது இடம் துவைக்கிற கல். மிச்சம் ஒன்பதும் இடறுகிற கல்.

பூவலிங்கம் குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தடவிக்கொண்டான்.

“ஒன்பது இடத்துல நிக்குதா? இனிமே செருப்பில்லாம மலைப்பக்கம் போகமாட்டேன்.”

அறிக்கையைப் படித்த எழிலரசி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நேரில் பார்த்தால் என்ன கல் என்று சொல்லிவிடலாமே என்று, அந்த அம்மியைக் கொண்டுவரச் சொன்னார்.

வழியில் சடையாண்டி நின்றுவிட்டான். எந்த அம்மி? வீட்டில் இருப்பது ஒன்று. மலையில் இருப்பது எழுபத்தொன்று. அதிகம் வருவதுதான் முடிவு என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். இருளாயியிடம் கேட்டார்கள். மலை தன்னுடையது என்று இதுவரை யாரும் தன்னிடம் சொன்னதில்லை, பரவாயில்லை, உடைக்காமல் திருப்பித் தந்தால் போதும் என்றாள்.

ஊர் கூடி மலையின் ஒரு முனையில் கயிற்றைக் கட்டி, நாலு ஜோடி மாடு பூட்டியது. அதிகாரி காத்திருப்பாரே என்று, வீட்டுக் குழவியை மட்டும் பூவலிங்கம் தோளில் வைத்து முன்னால் கொண்டுபோனான்.

“அம்மி பின்னால வருதும்மா. கொஞ்சம் கனம்.”

எழிலரசி குழவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மியும் இதுவும் ஒரே பாறையில் கொத்தியதா என்று கேட்டார். ஆமாம் என்றான். கருங்கல், மலை இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதி, வாசித்தும் காட்டினார்.

பூவலிங்கம் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும் கயிற்றைக் கீழே போட்டார்கள். யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

“இருந்த இடத்துலயே இருக்கணுமாம்ல. நாம ஒரு சாண் இழுத்துட்டோமே,” என்றான் சடையாண்டி.

மாட்டை அவிழ்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் தோள் கொடுத்து மலையை மேற்கே தள்ளினார்கள். பொழுது சாயும்வரை தள்ளினார்கள். கடைசியில் இருளாயிதான் கையை நீட்டித் தடுத்தாள்.

“போதும்ப்பா. இன்னும் தள்ளினா, அந்தப் பக்கத்து ஊர்க்காரன் தன்னோட மலைன்னு சொல்லிருவான்.”