நனையாத குதிகால்

யவன தேசத்துத் தீவு ஒன்றில் கடல்தேவதைக்கு ஒரு கோயில் இருந்தது. அங்கே ஞானம் தேடி வருபவர்களுக்கு மெலாந்தே என்பவள் குரு. சீடர்களில் ஒருவரான திமாந்தர் அவளைவிட இருபது வயது பெரியவர். பிடிவாதத்தில் அவர்தான் அந்தத் தீவுக்கே குரு.

கடலடியில் கடற்பஞ்சு அறுத்துப் பிழைக்கும் குடும்பம் அவருடையது. அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முங்குபவனின் இடுப்பில் கட்டிய கயிற்றை, படகில் இருந்தபடி அவனைப் பெற்றவர் பிடிக்கக் கூடாது. மூத்த மகனுக்குத் தெர்சான் என்பவன் பிடித்தான். கயிறு மட்டும்தான் மேலே வந்தது.

இளையவன் நிகோன் முங்கத் தொடங்கியதும் திமாந்தர் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிற்றைத் தானே பிடித்தார். பையன் அடியைத் தொடுவதற்குள் பதறிப்போய் இழுத்தார். மூன்றாம் முறை இழுத்ததில் பாறையில் உரசி அவன் தோள் கிழிந்தது. இனித் தெர்சானே பிடிக்கட்டும் என்று ஊர் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை, கயிற்றை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று தோளில் மாட்டிக்கொண்டே கோயிலுக்கு வந்தார்.

“அம்மா, ஊரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பிள்ளையின் கயிறு என் கையில்தான் இருக்க வேண்டும்.”

மெலாந்தே தேவதையின் சிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிலையில் தேவதை ஒரு குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து ஆற்றில் முக்கிக்கொண்டிருந்தாள்.

“இவள் கதை தெரியுமா, பெரியவரே?”

“தெரியாதவர் உண்டா? மனிதனுக்குப் பெற்ற பிள்ளையாயிற்றே, செத்துவிடுவானே என்று பயந்தாள். அந்த ஆற்றுத் தண்ணீர் பட்ட உடம்பில் ஆயுதம் இறங்காது.”

“பிறகு?”

“போரில் அம்பு பட்டுச் செத்தான்.”

“எங்கே பட்டது?”

திமாந்தர் சிலையைப் பார்த்தார். “குதிகாலில். அவள் பிடித்திருந்த இடம். அங்கே மட்டும் தண்ணீர் படவில்லை.”

சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. “விட்டிருந்தால் ஆறு கொண்டுபோயிருக்குமே! பெற்றவள் வேறு என்னதான் செய்வாள்?”

“மற்றக் காலைப் பிடித்து இன்னொரு முறை முக்கியிருக்கலாம்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதையில் இது அவருக்குத் தோன்றவே இல்லை.

“அவள் ஏன் அப்படிச் செய்யவில்லை, அம்மா?”

மெலாந்தே துணியைப் பிழிந்தாள்.

“கையை மாற்ற, முதலில் கையை எடுக்க வேண்டும், பெரியவரே. அவளால் அது முடியவில்லை.”

வாசலில் நிழல் தட்டியது. தெர்சான் தயங்கி நின்றான். “படகு கிளம்புகிறது. கயிறு...”

திமாந்தர் தோளிலிருந்து கயிற்றைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.