சொற்பட்டியலில் பச்சைக் கயிறு

சுடலைக்கண்ணு ஒரு நாவல் எழுதி முடித்திருந்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ரெண்டு கும்பலாகி அடித்துக்கொள்கிற கதை. பிள்ளைகளும் படிக்கட்டும் என்று கடைசியில் சொற்களுக்குப் பொருள் எழுதிச் சேர்த்திருந்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு செண்பகவல்லி டீச்சரிடம் வந்தான். டீச்சருக்கு அவனைவிட நாலு வயசுதான் கூட. ஆனாலும் அவனுக்கு எழுத்து வந்தது அவரால்தான்.

“முன்னுரை நீங்கதான் தரணும் டீச்சர். திங்கள்கிழமை அச்சுக்குப் போகுது.”

டீச்சர் பட்டியலை எடுத்து வாசித்தார்.

கெத்து: பயம் இல்லாதது மாதிரி காட்டிக்கொள்வது.

ஸ்கெட்ச்: ஒருத்தனை அடிக்க நாளும் இடமும் குறிப்பது.

குறியீடு: ஒரு பொருள் இன்னொன்றைக் குறித்து நிற்பது. இந்த நாவலில் பச்சைக் கயிறு, சிவப்புக் கயிறு.

உச்சக்கட்டம்: பஸ் ஸ்டாண்டில் நடக்கும் கொலை.

“செத்துப்போற பையனை எதுல சேத்திருக்க?”

“துணைப்பாத்திரம்னு போட்டிருக்கேன். அதுலதான் சந்தேகம் டீச்சர். அவனை என்னன்னு சொல்றது?”

“நடந்த கதைதானே?”

“ஆமா. என்கூடப் படிச்சவன். பேரை மாத்திட்டேன்.”

“அவன் அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம். பீடி சுத்துறாங்க.”

“அந்த அத்தியாயத்தை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு வா.”

“எழுதப் படிக்கத் தெரியாதவங்க டீச்சர்.”

“காது கேக்கும்ல?”

சுடலை போனான்.

பையனின் அம்மா முப்பிடாதி, பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“யாரு, சுடலையா? எளச்சுட்டியேய்யா. கல்யாணம் ஆச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“எவன் பொண்ணு குடுப்பான், எந்நேரமும் பேப்பரும் கையுமா அலைஞ்சா?” சிரித்தாள். “எம்மவன் இருந்தா இந்நேரம் பேரன் பாத்திருப்பேன். என்ன அது? கதையா? படி, கேப்போம்.”

அவன் படித்தான். பச்சைக் கயிறு கட்டின கும்பல். சிவப்புக் கயிறு கட்டின கும்பல். விளையாட்டு விழாவில் பச்சைக்காரன் ஒருத்தன் சிவப்புக்காரனை எல்லார் முன்னாலும் அறைந்தது. மறுநாள் சாயங்காலம் பச்சை கட்டினவன் எவன் மாட்டினாலும் விடக்கூடாது என்று சிவப்புக்காரர்கள் பேசிவைத்தது. பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு பையன் நின்றது. அவன் கையில் பச்சைக் கயிறு இருந்தது.

முப்பிடாதி சுற்றுவதை நிறுத்தினாள்.

“இந்தப் பையன் எம்மவனா?”

“ஆமாம்மா.”

“அவன் எந்தக் கும்பல்லயும் இல்லையேய்யா.”

“கையில கயிறு...”

“அது நான் கட்டினதுல்லா. பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தான். கோயில்ல மந்திரிச்சு வாங்கிட்டு வந்தேன். மஞ்சக் கயிறு தீந்துபோச்சு, பச்சைதான் இருக்குன்னு பூசாரி குடுத்தாரு. அவுக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். அன்னைக்குத்தான் காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போனான்.”

சுடலை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பச்சைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தானே தெரியுது. போலீசு முன்பகைன்னுதான் சொல்லிச்சு. எம்புள்ளைக்கு யாருகூட முன்பகைன்னு நானும் இத்தனை வருசமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

சுளகை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்தப் பயலுவ பேசிவச்சது அம்புட்டும் எழுதியிருக்கியே. உனக்கு எப்படித் தெரியும்?”

“கதையில கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும்மா. அவன் எதுலயும் குறுக்க வரமாட்டான்.”

“அப்படியா? தெரிஞ்சவன் ஒருத்தன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவுத்து அடுப்புல போட்டிருப்பேனே.”

சுடலை காகிதங்களை மடித்தான்.

“வெயில்ல வந்திருக்க. காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றாள். போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தான்.

டீச்சரிடம் திரும்பி வந்தான். அவனாகவே எல்லாம் சொன்னான். சொல்லி முடித்தபிறகும் போகாமல் நின்றான்.

“டீச்சர், அன்னைக்குக் காலைல பஸ்ல அவன் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். கயிறைப் பாத்தேன். அம்மா கட்டினதுன்னு சொன்னான். சாயங்காலம் என்ன நடக்கப்போகுதுன்னும் எனக்குத் தெரியும். என் கையில சிவப்பு இருந்துச்சு.”

“அவுத்துருன்னு சொல்லலையா?”

“எங்க கும்பல்ல விசயத்தை வெளிய சொன்னவன் கயிறை எல்லாரும் பாக்க அறுத்துருவானுக. அதுக்கப்புறம் அவனை ஒருத்தனும் சேக்கமாட்டான். எனக்குப் பதினாறு வயசு டீச்சர்.”

“அந்தம்மாகிட்ட இதைச் சொன்னியா?”

“இல்ல.”

டீச்சர் அவன் கையிலிருந்த காகிதங்களை வாங்கினார். சுடலை அவர் எதிரே உட்கார்ந்தான். அவன் குரலில் கொஞ்சம் வேகம் வந்தது.

“ஆனா அதையும் எழுதிடறேன் டீச்சர். கடைசி அத்தியாயமா. கதையைச் சொல்றவனும் அந்தக் கும்பல்லதான் இருந்தான்னு முடியும். பழைய முடிவைவிட இதுதான் பலமா நிக்கும். துணைப்பாத்திரம்கிறதை எடுத்துடறேன். கயிறுக்கும் பொருள் மாத்திடலாம். அச்சு ஒரு வாரம் தள்ளிப்போனா என்ன? முன்னுரையில நீங்களும் அதைத் தொட்டுச் சொன்னா...”

டீச்சர் காகிதங்களை அடுக்கித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

“இது இங்க இருக்கட்டும். ஆத்துக்கு அந்தப் பக்கம் போற பஸ் நாலரைக்கு இருக்கு. இப்பக் கிளம்பினா பிடிச்சிடலாம்.”

நாலரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் போனது. சுடலை உட்கார்ந்தே இருந்தான்.