அணைத்த படகில் எரிந்த பல்ப்

“பேட்டரி மாத்தியாச்சு, டைனமோ மாத்தியாச்சு, பெல்ட்டும் புதுசு. பிறகும் விடிஞ்சா பேட்டரி செத்துக் கிடக்கே, ஏன் தங்கச்சி?”

கேட்டவர் படகுக்காரர் இன்னாசி. பதில் சொல்ல வேண்டியவள் ஜெசிந்தா, எஞ்சின் மெக்கானிக். அவரைவிட இளையவள்தான். ஆனால் எங்கள் கரையில் எல்லாருக்கும் எஞ்சின் பாடம் அவளிடம்தான். பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே பயம். அவளிடம் தொழில் பழகிக்கொண்டு, அன்று கூடவே படகில் நின்ற எனக்கும்தான்.

“நேத்து நடுக்கடல்ல ஸ்டார்ட் ஆகல. நீரோட்டம் இழுத்துட்டுப் போயிட்டு. நாளைக்கும் மச்சான் கூட வாராரு. என் கூடப்பொறந்தவ தாலியையும் சேத்துல்லா ஏத்திட்டுப் போறேன்!”

உச்சி வெயில். கரையில் ஒரு நாய்கூட இல்லை.

அவள் எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தாள்.

“சார்ஜ் நல்லாத்தான் ஏறுது.”

எஞ்சினை நிறுத்தினாள்.

“எல்லாத்தையும் அணைச்சாச்சா?”

“அணைச்சாச்சு.”

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டினாள்.

பல்ப் எரிந்தது.

“எல்லாம் அணைச்சிருந்தா இது எரியக்கூடாது, அண்ணாச்சி. கரண்டை யாரோ குடிக்காங்க.”

பியூஸ்களைப் பிடுங்கினாள். அப்போதும் எரிந்தது. இன்னாசி காலடிப் பலகையைப் பார்த்தார்.

ஜெசிந்தா ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனுசன் தாங்கியிருப்பார்.

கடைசியில் அவரே பலகையைத் தூக்கினார்.

அடியில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய வயர்லெஸ் செட். பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர். உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

“தம்பி சூசை போன ஆடியில கடலுக்குப் போனவன். உடம்புகூடக் கிடைக்கல. கூப்பிட்டான்னா கேக்கணும்லா? அதான் அணைக்கவே இல்ல.”

“கூப்பிட்டானா?”

“தினமும். ‘அண்ணே’ம்பான். வேற ஒண்ணும் சொல்லமாட்டான்.”

“அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னான்?”

“பேட்டரி செத்துப்போச்சு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகலன்னான்.”

ஜெசிந்தா கட்டிங் பிளையரை அவர் கையில் வைத்தாள்.

“முடியாது தாயி. அறுத்தா அவன் போயிருவான்.”

“நாளைக்கு உங்க தங்கச்சி புருசனும் ‘மச்சான்’னு கூப்பிடட்டுமா?”

இன்னாசி ஓவென்று அழுதார். அழுதுகொண்டே அறுத்தார்.

பல்ப் அணைந்தது.

அறுந்த வயர் அவர் கையில் தொங்கியது. செட் இன்னும் இரைந்தது.

“அண்ணே.”

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் கேட்டேன். ஜெசிந்தாவின் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. இருந்தாலும் அவள் பல்பைக் கழற்றினாள், மைனஸ் வயரை மறுபடி மாட்டி இறுக்கினாள்.

“அவனுக்கு உங்க பேட்டரி தேவையில்ல, அண்ணாச்சி. ஸ்டார்ட் பண்ணுங்க.”