புற்றுக்குப் பால் ஊற்றியவள்

மலையடிவாரத்து மடத்தில் சீடராக வந்து சேர்ந்தபோது ஏகாம்பரத்துக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவான அம்மையாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிட இளையவரைக் குருவாகக் கொண்டதில் ஏகாம்பரத்துக்குக் கூச்சமே இல்லை. தெரிந்ததை வாய்க்குள் வைத்திருப்பதுதான் அவருக்கு ஆகாத காரியம்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம் கழுத்திலும் எலும்பு ஏழுதான் என்பார். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்று அவர் சொன்ன அன்று, சமையல்கட்டில் இருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள். சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றுகூடக் கப்ஸா கிடையாது.

மடத்துக்குப் பின்னால் ஒரு பாம்புப் புற்று இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் உடையாச்சி என்ற பெண் சொம்பில் பால் கொண்டுவந்து அதில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு உடனே போகமாட்டாள். குந்தி உட்கார்ந்து புற்றோடு பேசிக்கொண்டிருப்பாள். மகனை ஆறு கொண்டுபோன பிறகு அவள் வாய்திறப்பது அங்கே மட்டும்தான் என்று ஊரில் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் அந்தப் பக்கம் போனார். பார்த்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம்.

"ஏம்மா பாலை வீணாக்குற? பாம்பு பால் குடிக்காது. இந்தப் புத்தைக் கட்டினதே கறையான்தான், பாம்பு சும்மா குடியிருக்கு. நீ பேசுறதும் அதுக்குப் புரியாது. நம்மளை மாதிரி அதுக்குக் காதே கிடையாது."

உடையாச்சி சொம்பைப் பார்த்தாள்.

"அப்படிங்களா சாமி?" என்றாள். மிச்சப் பாலோடு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்று பால்காரர் வந்து சொன்னார்.  ஏகாம்பரம் நேராக அம்மையாரிடம் ஓடி, நடந்ததைச் சொன்னார். அவர் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் சொன்னது பொய்யா?"

"இல்லையே."

"அப்போ தப்பா?"

அம்மையார் ஒரு தண்டை ஒடித்துப் போட்டார். "அவ உங்ககிட்ட பாம்பைப் பத்திக் கேட்டாளா?"

"கேக்கலை."

அம்மையார் அடுத்த தண்டை எடுத்தார். பாவம், மனிதருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"இப்பவே போறேன்மா. தெரியாம சொல்லிட்டேன், பாம்பு பால் குடிக்கத்தான் செய்யும்னு சொல்லிடுறேன்."

"குடிக்குமா?"

"குடிக்காது."

"பின்னே?"

"அவ பிழைக்கணுமே, தாயே!" சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. மடத்துக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அம்மையார் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"போங்க ஐயா. அவ வீட்டுக்குத்தான் போகணும். கதவைத் திறந்தா உள்ளே போய் உட்காருங்க."

"உட்கார்ந்து? நான் என்னதான் சொல்றது அவகிட்ட?"

"இத்தனை நாளா அந்தப் பாம்பு அவகிட்ட என்ன சொல்லிச்சு?"